மேற்கிலிருந்து வராத வண்டிகள்

ரெஹோபோத், 1906

மே 3, வியாழன்

மக்னாப் வீட்டார் இன்று எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்! ஊற்றுத் தகராறு வந்த நாளிலிருந்து ஆறு வருஷமாக எங்கள் வேலிப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள். அத்ரியான் மாமா, அத்தை, மகன் ஈசாக். வியாழக்கிழமையில் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில்.

முறைப்படி முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். மழை இல்லை, பேச்சு மட்டும் கொட்டியது. பிறகு மாட்டு நோய். பிறகு போதகரின் தொண்டைக்கட்டு. மூன்றாவது கோப்பைக் காப்பி முடிந்ததும் அத்ரியான் மாமா எழுந்து அப்பா முன்னால் நின்று, "யோஹெம், உன் தோட்டத்துல ஒரு பூ இருக்கு" என்றார். எங்கள் தோட்டத்தில் இருப்பது பூசணி. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் காலை மிதித்தாள்.

டோர்த்தி அக்காவைப் பெண் கேட்கிறார்கள்.

இத்தனை நாள் எங்களோடு ஒரு சம்பந்தமும் இல்லாதவர் திடீரென்று சம்பந்தி ஆக வேண்டுமாம். அப்பா வழக்கப்படி "ஒரு வாரம் கழிச்சுச் சொல்றேன்" என்றார். ஆனால் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதைத்தான் நான் கவனித்தேன்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஈசாக்கின் தொப்பிக்குள் பீச் ஜாம் தடவி வைத்தேன். கிளம்பும்போது எடுத்துத் தலையில் போட்டான். ஒரு கணம் நின்றான். யாரையும் பார்க்காமல் குதிரையேறிப் போனான். தெருமுனை திரும்பும்போது காதோரம் வழிந்தது. இவ்வளவையும் பொறுத்துக்கொள்கிறவனை எப்படி நம்புவது?

மே 5

யோசித்தேன். எங்கள் ஊர்த் தலைவரான காப்டன் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. புதுக் காப்டனைத் தேர்ந்தெடுக்க ஜெர்மன் அதிகாரி அனுமதி தரவில்லை. கேட்டால் "மேலிடத்திலிருந்து பதில் வரும்" என்று மீசையை முறுக்குகிறார். (நான் அவருக்கு வைத்த பெயர் கொக்கி மீசை. அதில் இரண்டு கோட்டுகள் மாட்டலாம்.) ஊரில் எல்லார் வாயிலும் இருப்பது இரண்டே பெயர். ஒன்று அப்பா. இன்னொன்று அத்ரியான் மாமா.

இப்போது அத்ரியான் மாமாவின் மகனுக்கு அப்பாவின் மகள் வேண்டுமாம். ஓகோ.

மே 10, வியாழன்

அப்பா சரி என்று சொல்லிவிட்டார். அக்கா அடுப்படியில் பாடுகிறாள். பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை.

"அவன் எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியுமாக்கா?"

"ரெண்டு வருஷமாத் தெரியும்டி. வெந்நீர் ஊத்துல துணி துவைக்கிறப்போ குதிரைக்குத் தண்ணி காட்ட வருவார்."

"வெந்நீரைக் குதிரைக்குக் காட்டுவாரா? அங்க துவைச்சது துணியையா, உன் மூளையையா?"

ஈரத் துணியால் அடித்தாள். சிரித்துக்கொண்டே அடித்தாள். அவளுக்கு அவனைப் பிடித்துத் தொலைத்திருக்கிறது. அவனுக்கு வேண்டியது அக்காதானா? இல்லை, அப்பாவுக்குப் பின்னால் நிற்கிற ஆட்களா? இது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

மே 13, ஞாயிறு

கோயிலில் கல்யாண அறிவிப்புக்கான முதல் ஓலை வாசித்தார்கள். தொண்டைக்கட்டில் போதகர் வாசித்தது யார் கல்யாணம் என்று பின் பெஞ்சுக்குக் கேட்டிருக்காது.

சாப்பிட்ட பிறகு அப்பா விருந்தாளிப் பட்டியல் எழுதினார். துக்கத்துக்குக்கூடப் போகாத வீடுகளெல்லாம் அதில் இருக்கின்றன. எல்லாம் ஆண்கள். எட்டிப் பார்த்தேன், ஒரு பெண் பெயர் இல்லை. கல்யாணமா, பட்டாளத்துக்கு ஆளெடுப்பா?

இன்னொன்று. தெற்கே சண்டை நடப்பதால் பத்துப் பேருக்கு மேல் கூடினால் அதிகாரியிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அப்பா தானே போய் வாங்கி வந்தார். கொக்கி மீசையையும் கல்யாணத்துக்கு அழைத்தாராம். அப்பா! அந்த ஆளை!

மே 16

அப்பாவும் அம்மாவும் என்னிடம் ரகசியத்தைச் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லை, ரிப்பன் கூடை என் கையில்தானே இருக்கப் போகிறது.

எந்தக் கல்யாணத்திலும் வாசலில் பெண்பிள்ளைகள் ரிப்பன் குத்துவோம். பெண் வீட்டாருக்கு வெள்ளை, பையன் வீட்டாருக்கு நீலம். இந்தக் கல்யாணத்தில் யார் வீட்டார் என்று பார்க்கக் கூடாதாம். வருகிற ஆண் எந்த நிறத்தைத் தொடுகிறாரோ அதையே குத்த வேண்டும். வெள்ளை என்றால் அப்பா காப்டன். நீலம் என்றால் அத்ரியான் மாமா. கடைசியில் கூடையில் மிஞ்சியதை எண்ணினால் கணக்கு தெரிந்துவிடும். கொக்கி மீசை கண்ணெதிரே நடக்கும், அவருக்குக் கல்யாணம் மட்டும்தான் தெரியும்.

"ரெண்டு பேர்ல யாரு வந்தாலும் இன்னொருத்தர் முதல்ல தொப்பியைக் கழட்டணும்னு பேசிக்கிட்டோம்" என்றார் அப்பா. "மேற்குப் பண்ணைக்காரங்க வராம எண்ணக் கூடாது. அதுவும் பேசியாச்சு. வாயைத் தொறந்தே, தோலை உரிச்சிடுவேன்."

நல்ல திட்டம்தான். எனக்கே பொறாமையாக இருந்தது. ஆனால் இதில் அக்கா எங்கே இருக்கிறாள்? பெண் கேட்டு வந்தது பெண்ணுக்காக இல்லை, கூட்டத்துக்காக. வாக்குக் கேட்க வந்தவர்கள் கல்யாண வாக்கைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மே 17

அக்காவுக்கு ரிப்பன் விஷயம் தெரியும். "அதனால என்ன? ஒரே செலவுல ரெண்டு காரியம்" என்கிறாள். காதல் வந்தால் காது கேட்காதோ?

மே 21

ஈசாக்கைக் குதிரை லாயத்தில் பிடித்தேன். நேராகக் கேட்டேன். "உனக்கு எங்க அக்கா வேணுமா, எங்கப்பாவோட ஆளுங்க வேணுமா?"

சுற்றிலும் பார்த்தான். "மெதுவாப் பேசு. உனக்கு யார் சொன்னது?"

பார்த்தாயா? கேட்டதற்குப் பதில் இல்லை. அக்கா வேணும் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். இரண்டு வார்த்தைக்கு அவனிடம் பஞ்சம்.

மே 26, சனி

இன்று நான் ஒரு வேலை செய்தேன்.

அத்ரியான் மாமா விருந்துச் சாமான் வாங்க விண்ட்ஹூக் போயிருக்கிறார், புதன்தான் வருவார். ஈசாக் தனியாக இருந்தான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனேன்.

"அப்பா விலகிட்டார். ரிப்பனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வெறும் கல்யாணம்தான்."

"என்ன சொல்றே?"

"ராத்திரி முழுக்கத் தூங்கலை. யார்கூடவும் பேச மாட்டேன்னு உக்காந்திருக்கார். நீ போய்க் கேட்டு அவமானப்படுத்தாதே. எனக்கே அம்மா ரகசியமாச் சொன்னது."

அவ்வளவுதான். காப்டன் பதவி இல்லை, ஆட்கள் இல்லை, அக்கா மட்டும். இப்போது வருவானா என்று பார்க்க வேண்டும். வந்தால் நானே மன்னிப்புக் கேட்டு, ஜாம் தொப்பியை என் தலையில் போட்டுக்கொள்வேன்.

முகம் வெளுத்தது. "மேற்கு வண்டிங்க திங்கட்கிழமை கிளம்பிடுமே" என்று முனகினான். சேணத்தைக் குதிரைமேல் போட்டான். ஏறிப் போய்விட்டான்.

ஓடிவிட்டான்!

மே 27, ஞாயிறு

மூன்றாவது ஓலை. மாப்பிள்ளை கோயிலில் இல்லை. அக்கா நாற்பது தடவை வாசலைப் பார்த்தாள். எண்ணினேன். அத்தை "குதிரை வாங்கப் போயிருப்பான்" என்றாள், அவளுக்கே நம்பிக்கையில்லாமல்.

நான் சொன்னேன் அல்லவா? என் சந்தேகம் சரிதான். சந்தோஷப்பட வேண்டும். ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

மே 29

இன்னும் வரவில்லை. அக்கா பாடவில்லை.

மே 31, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது?

வந்தான். காலை எட்டு மணிக்கு, தாடியிலும் புருவத்திலும் தூசியோடு, அப்படியே கிணற்றடியில் தலையைக் கழுவிக்கொண்டு கோட்டை மாட்டினான். கோயிலில் போதகர் கேட்பதற்கு முன்பே "ஆம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா அழுதாள். நானும். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது, அவனுக்கு அக்காதான் வேண்டும். எத்தனை சந்தோஷம் எனக்கு. முழுசாக ஒரு மணி நேரம்.

பிறகு வாசலில் கூடையோடு நின்றேன். ஆண்கள் வந்தார்கள், தொட்டார்கள், குத்தினேன். வெள்ளை, வெள்ளை, நீலம், வெள்ளை. கொக்கி மீசை நீலத்தைத் தொட்டார். அத்ரியான் மாமாவுக்கு ஜெர்மன் பேரரசின் ஒரு ஓட்டு! சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்தேன்.

அப்போதுதான் ஈசாக் வெளியே வந்தான். கூடையைப் பார்த்தான். எல்லார் மார்பிலும் இருந்த ரிப்பனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ரிப்பன் கிடையாதுன்னு சொன்னியே."

கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"உங்கப்பா விலகலையா? ஹெஸ்டர்! பொய்யா சொன்னே?"

தலையாட்டினேன்.

"பட்டாளம் வண்டி மாட்டைப் பிடிச்சுக்கிட்டுத் திரியுது. வெறும் விருந்துக்காக அந்த ஜனங்க மாட்டை இழக்கக் கூடாதேன்னு நான் போய் நிறுத்திட்டேன். பதினாலு பண்ணை. ஒவ்வொரு வாசலாப் போய் நிறுத்தினேன்."

மேற்கு ரோட்டைப் பார்த்தோம். ஒரு புழுதிகூடக் கிளம்பவில்லை.

சாயங்காலம் வரை அப்பாவும் அத்ரியான் மாமாவும் அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணவில்லை. பேசிக்கொண்டபடி எண்ணவில்லை. கூடையை அம்மா அடுப்பில் கொட்டினாள்.

ஜூன் 4, திங்கள்

அலுவலக வாசலில் அறிவிப்பு ஒட்டியாயிற்று. இனி காப்டன் கிடையாது. ஊர் மன்றம் உண்டு, அதற்குத் தலைவர் மாவட்ட அதிகாரி. உறுப்பினர் பட்டியலில் அப்பா பெயரும் அத்ரியான் மாமா பெயரும் பக்கத்துப் பக்கத்தில். பெயர்கள் மட்டும்தான் பக்கத்தில். இரண்டு பேரும் மறுபடி பேச்சுவார்த்தை இல்லை. மேற்கை நிறுத்தியது அத்ரியான் என்று அப்பா. யோஹெம் என்று மாமா.

கல்யாணம் முடிந்ததால் இனிக் கூட்டத்துக்குச் சீட்டும் கிடைக்காது.

ஜூன் 8

மேற்கிலிருந்து ஒருவர் உப்பு வாங்க வந்தார். "ஈசாக் தம்பிதான் வந்து வராதீங்கன்னாரு" என்று கடையில் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்க.

ஈசாக்கை மடக்கிக் கேட்டார்களாம், உனக்கு யார் சொன்னது என்று. "யாரும் சொல்லலை. நானாத்தான் போனேன்" என்றாராம்.

ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? ஏன்?

ஜூன் 10, ஞாயிறு

கோயிலில் அக்காவும் அவரும் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். ஜெர்மன்காரனின் ஆள் என்று பின்னால் யாரோ சொன்னார்கள், சன்னமாக, கேட்கிற அளவுக்குச் சன்னமாக. "அந்த அதிகாரிகூட நீல ரிப்பன்தான் குத்தியிருந்தான், பாத்தியா?" என்றார் இன்னொருவர். நான் சிரித்த சிரிப்புக்கு இது கூலி.

ஜூன் 13

அக்கா மூட்டையோடு வந்துவிட்டாள்.

"கேட்டேன்டி. அந்த அஞ்சு நாள் எங்க போனீங்க, எதுக்காகன்னு. சொல்ல மாட்டேங்கிறார். மனசுல கள்ளமில்லாதவன் சொல்றதுக்கு என்ன? நீ சொன்னது சரிதான். நான்தான் முட்டாள்."

நான் சொன்னது சரியாம்! கடவுளே.

ஜூன் 14

எழுத ஒன்றுமில்லை. எழுத முடியவில்லை.

ஜூன் 15

சொல்லிவிட்டேன். சமையலறையில், அப்பா செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார், அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா மாவுக் கையோடு அறைந்தாள். பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு, கையைக்கூடக் கழுவாமல், மக்னாப் வீட்டுக்கு நடந்தாள். பாதி தூரத்துக்கப்புறம் ஓடினாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அப்பா தையலை நிறுத்தவில்லை. வாரை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, "அவன் பேரை அழிச்சது ஊர் நடுவுல. சரி பண்றதும் ஊர் நடுவுலதான். மன்றத்துல நின்னு சொல்லணும்" என்றார்.

சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்தது. மன்றத் தலைவர் நாற்காலியில் இருப்பவர் கொக்கி மீசை. அங்கே நின்று நான் எதைச் சொல்வது? நாங்கள் அவர் கண்ணெதிரே காப்டன் தேர்தல் நடத்தினோம் என்றா? ரிப்பன் குத்திய அத்தனை பேரும் உள்ளே போக வேண்டியதுதான்.

"அப்போ யார்கிட்டப்பா சொல்றது?"

என் பொய் ஒரு பதவியைத் தின்றது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மனிதன் தன் பெயரை மீட்கப் போய் நிற்கிற இடத்தையே தின்றிருக்கிறது.

அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு அத்ரியான் மாமா வீட்டுப் பக்கம் நடந்தார். அவராகவே.

ஜூன் 18, திங்கள்

அத்ரியான் மாமாவின் ஆட்டுப்பட்டி. பட்டப்பகல். காப்டன் காலத்துப் பழைய மன்றத்து ஆட்கள் ஆறு பேர் ஆடு வாங்க வந்ததுபோல் வேலியோரம் நின்றார்கள். போலீஸ்காரன் ஒருவன் அந்த வழியாகப் போனான். உடனே ஒருவர் ஒரு ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். அது என்ன பாவம் செய்தது? அரை மணி நேரம் வாயைத் திறந்துகொண்டே நின்றது.

ஈசாக்கும் அக்காவும் ஒரு பக்கம். நான் நடுவில், சாணத்தில்.

நான் வாயைத் திறக்கும்போது ஒரு கிழவர் கையைக் காட்டி நிறுத்தினார். "யாரும் உக்காராம விசாரிக்கிறது நம்ம வழக்கமில்லை. நிக்கிறவங்க முன்னாடி சொன்னா அது வெறும் வம்பு."

உட்கார அங்கே இருந்தது ஒரே ஒரு வாளி. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. மன்றத்தில் காப்டனுக்குப் பட்டுத்துணி போட்ட நாற்காலி இருந்தபோதுகூட இத்தனை கண்கள் அதைப் பார்த்திருக்காது.

அத்ரியான் மாமா வாளியைக் கவிழ்த்தார். காலால் அப்பா பக்கம் தள்ளினார்.

"உக்காரு, யோஹெம்."

"நீ உக்காரு. உன் பட்டி."

"என் மகன் வழக்கு. நான் எப்படி உக்கார்றது?"

"என் மக வழக்கும்தானே?"

"அதான். மகளையே நடுவுல கொண்டாந்து நிறுத்திட்டே. உன்னைத் தவிர இங்க யாருக்கு அந்தத் தெம்பு? உக்காருய்யா, முட்டி வலிக்குது எங்களுக்கு."

அப்பா உட்கார்ந்தார். முதலில் அத்ரியான் மாமா தொப்பியைக் கழற்றினார், அன்று பேசிக்கொண்டபடி. பிறகு ஆறு பேரும். ரிப்பன் இல்லை, கூடை இல்லை. எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

சொன்னேன். என்னோடு பேசும்போது அப்பா அப்பாவாக இல்லை. "ஹெஸ்டர் க்ளூட்டே" என்று முழுப் பெயரில் கூப்பிட்டார். ஏன் சந்தேகப்பட்டாய் என்றார். தெரியவில்லை என்றேன். "அவர் ரொம்பப் பொறுமையா இருந்தார்" என்றேன். யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

ஈசாக்கிடம், "இவ பேரை ஏன் மறைச்சே?" என்றார்.

"பதினஞ்சு வயசுப் பொண்ணு. ஊர் வாய்ல விழுந்தா எழுந்திரிக்க முடியாது. என்னால முடியும்னு நினைச்சேன்."

தீர்ப்பு: அந்தப் பதினாலு பண்ணைக்கும் நான் போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் நின்று என் வாயால் சொல்ல வேண்டும். ஈசாக் வண்டி ஓட்டுவார். "யார் தீர்ப்புன்னு கேட்டா ஊர் தீர்ப்புன்னு சொல்லு. பேர் சொல்லாதே" என்றார் அப்பா.

பெல்ட் அடியே மேல்.

ஜூன் 25

நாலு பண்ணை முடிந்தது. வழியில் அனுமதிச் சீட்டு கேட்ட சிப்பாயிடம் அத்தான், "குறும்பு பண்ணினதுக்குத் தண்டனை, மன்னிப்புக் கேக்கக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். சிப்பாய் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். பார்த்தாலே தெரிகிறதாம்.

(அத்தான் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

ஜூன் 29

ஏழாவது பண்ணையில் ஒரு பாட்டி என்மேல் மோரை ஊற்றினாள். நியாயம்தான். எட்டாவதில் உப்புக்கண்டம் கொடுத்தார்கள். மோருக்கு நல்ல துணை.

ஜூலை 5

கடைசிப் பண்ணை. யாபேத் பென்ஸ் என்று ஒரு கிழவர், மனைவி, நாற்பது ஆடுகள். அதற்கு அப்பால் மணல்தான். வண்டியிலிருந்து இறங்கி ஒப்பித்தேன். "நான் ஹெஸ்டர் க்ளூட்டே. நான் பொய் சொன்னேன். இவர் உங்களை ஏமாத்தலை. நான் இவரை ஏமாத்தினேன்."

கிழவர் புகையிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"உன்னை யாரு அனுப்பினது? ஜெர்மன்காரனா?"

"இல்லை தாத்தா. ஊர் தீர்ப்பு."

"ஊரா தீர்ப்பு சொல்லும்? ஒருத்தர் உக்காந்திருக்கணுமே."

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் குதிரையின் காதைப் பார்த்தார்.

"உக்காந்தார்" என்றேன்.

"மத்தவங்க?"

"தொப்பியைக் கழட்டினாங்க."

கிழவர் மேற்கொண்டு கேட்கவில்லை. தணல் ரொட்டியும் காப்பியும் கொடுத்தார். கிளம்பும்போது வண்டிச் சக்கரத்தில் கைவைத்து நின்றார். அவர் தொப்பியும் கையில் இருந்தது.

"எனக்கும் எங்கண்ணனுக்கும் கிணத்துல தகராறு. ஏழு மாசமா ஆத்தாமையோட உக்காந்திருக்கேன். அந்த ஆபீசுல போய்ச் சொல்ல மனசு வரலை. உக்காந்தவர்கிட்டச் சொல்லு, குட்டி போடுற மாசம் முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் வர்றோம்னு."

"சொல்றேன் தாத்தா."

இதோடு அப்பாவிடம் கொண்டுபோக ஐந்து வழக்கு. ஆறாவது பண்ணையில் காளை வழக்கு, ஒன்பதில் எல்லைக்கல், பதினொன்றில் ஒரு விதவையின் பங்கு, பதின்மூன்றில் ஓடிப்போன மருமகன், இப்போது கிணறு. விவரங்களை எழுதிவைக்கப் பயம், யார் கையிலாவது சிக்கும். (இந்த நோட்டு வேறு. இது இருக்கும் இடம் எனக்கும் எலிக்கும்தான் தெரியும்.) அதனால் அத்தானும் நானும் வண்டியில் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறோம். எல்லைக்கல் வழக்கில் கல் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன்.

"கிழக்கே" என்றார் அத்தான். "மறுபடி, முதல்லருந்து."